25 கிலோ பொன்னியும் 1,700 கிலோமீட்டரும்

சைக்கிளில் தூரப் பயணம் போய் ஊர் திரும்பியதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கால் வலியைத்தான் விசாரிக்கிறார்கள். முதல் நாலைந்து நாள் தொடை கடுத்தது உண்மை. ராமநாதபுரம் தாண்டினதும் அது தன்னால் விட்டுப்போச்சு. மாட்டிக்கொண்டது விரல்கள். இரண்டு கையிலும் சுண்டுவிரல் முழுசாகவும் மோதிரவிரல் பாதியும் மரத்துப்போய், வீட்டுக்கு வந்த பிறகும் ரொம்ப நாள் உணர்ச்சியில்லாமலே கிடந்தன. நான் காரைக்குடி பக்கம் புதுவயலில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவள். நோட்டுக் கட்டை இடது கை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே சொருகி, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணிப் பழகிய கை. மோதிரவிரலுக்குப் பிடிமானம் தெரியவில்லை என்றால் கட்டு நழுவும். எண்ணுகிற மெஷின் இருக்கிறது. ஆனால் நெல் ஏற்றி வந்த சம்சாரி எதிரில் நிற்கும்போது கையால் எண்ணிக் கொடுத்தால்தான் அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் வெளி ஓரத்தை ஊன்றியே மணிக்கணக்காக ஓட்டினால், மணிக்கட்டுக்குக் கீழே ஓடுகிற அல்நார் நரம்பு அழுந்துகிறது. சுண்டுவிரலுக்கும் பாதி மோதிரவிரலுக்கும் போகிற நரம்பு அதுதான். "மருந்துன்னு பெருசா ஒண்ணும் இல்லம்மா, அழுத்தம் நின்னா தானா வரும்" என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வந்துவிட்டது. தூரப் பயணம் போக நினைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சீட்டுக்குச் செலவழிக்கும் முன்னால் ஹேண்டில்பாரைப் பாருங்கள். ஒரு அங்குலம் உயர்த்துங்கள். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக இருக்கிற கிரிப் போடுங்கள். முனையில் கொம்பு மாதிரி இரண்டு பிடி மாட்டிக்கொண்டால் கையை மாற்றி மாற்றி வைக்கலாம். எனக்கு இதெல்லாம் மைசூரில் ஒரு கடைக்காரர் செய்து கொடுத்தார். அதற்குள் முக்கால்வாசிப் பயணம் முடிந்திருந்தது.

போனது நாங்கள் இரண்டு பேர். நானும், தேவகோட்டையில் பி.டி. (உடற்பயிற்சி) டீச்சராக இருந்து ரிட்டையரான ஒரு அக்காவும். டீச்சரக்கா என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள், நானும். மார்கழி பிறந்ததும் கிளம்பினோம். தேவகோட்டை, திருவாடானை, தொண்டி, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்து ராமநாதபுரம், கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி. பிறகு மேற்குக் கரையோடு மங்களூர் வரை. அங்கே வலது பக்கம் திரும்பி மடிகேரி, மைசூர், சாம்ராஜ்நகர், திம்பம் இறங்கி சத்தியமங்கலம், தாராபுரம், பழனி, திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, குன்றக்குடி. சுமாராக 1,700 கிலோமீட்டர் வரும். தை அறுவடை நெல் மில்லுக்கு வந்து குவிவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது முதலாளிக்குக் கொடுத்த வாக்கு. கொஞ்சம் பிந்தியது. சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அந்தக் கணக்கையும் நான்தான் எழுதினேன்.

சைக்கிள் எனக்குப் புதிதில்லை. பிறந்த ஊர் அரிமளம் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் பழகினோம், ஒரே வாடகை சைக்கிளில். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, எல்லாம் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள்தான். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. அம்மா கடைசிவரை ஏறும்போது மட்டும் திண்ணைக் கல்லைத் தேடுவாள். ஏறிவிட்டால் அரிமளம் சந்தை வரை இறங்க மாட்டாள். இப்போது 72 வயது. பயணம் முழுக்க ராத்திரி போன் போட்டு அம்மா கேட்ட ஒரே கேள்வி, "காத்தடிச்சியா?"

இனி சாமான்களுக்கு வருகிறேன், கால் வலிக்கு அடுத்தபடி நிறையப் பேர் கேட்டது அதைத்தான்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி பைகளை மில் தராசில் ஏற்றினோம். சைக்கிளைச் சேர்க்காமல் என்னுடையது 19.4 கிலோ, டீச்சரக்காவுடையது 23.8. லோடுமேன் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏக்கா, ஆளுக்கொரு சிப்பத்தத் தூக்கிட்டுல்ல போறீக" என்றார். சிப்பம் என்றால் எங்கள் தொழிலில் 25 கிலோ அரிசி மூட்டை. அவர் எடையை வைத்துச் சொன்னார், ஆனால் பையே சிப்பம்தான்.

அது ஒரு ஜிஎஸ்டி கதை. 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரை பாக்கெட் போட்ட அரிசிக்கு 5 சதவீத வரி என்று வந்தது. அதற்கு மேல் எடை இருந்தால் வரி இல்லை. உடனே தமிழ்நாட்டு மில்காரர்கள் பலர் 26 கிலோ மூட்டைக்கு மாறிவிட்டார்கள். ஒரு கிலோ கூடப் போட்டால் வாங்குகிறவருக்கு வரி மிச்சம். அப்போது மில்லில் பழைய 25 கிலோ அச்சுப் போட்ட சாக்குகள் கட்டுக்கட்டாக குடோனில் தங்கிவிட்டன. நல்ல நெய்த பிளாஸ்டிக் சாக்கு, மேலே பளபளவென்று லேமினேஷன், நெற்கதிர் படம், கொட்டை எழுத்தில் 'டீலக்ஸ் பொன்னி'. சைக்கிளுக்குப் பக்கவாட்டுப் பை விலை விசாரித்தபோது ஒரு ஜோடிக்குச் சொன்ன தொகையில் மில்லில் ஒரு ஆளுக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்கலாம். காரைக்குடியில் பைக் சீட் கவர் தைக்கிற டெய்லரிடம் எட்டு சாக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு சாக்கை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, ஓரத்துக்கு ரெக்சின் பட்டி போட்டு, சைக்கிள் பக்கம் வருகிற முதுகுக்கு ஒரு பிளைவுட் பலகை கொடுத்து, மேல்வாயைச் சுருட்டிக் கட்டுகிற மாதிரி தைத்தார். மாட்டுவதற்கு அலுமினியத் தட்டையில் வளைத்த கொக்கி. உள்ளே மில்லில் கிடக்கும் தடித்த பாலித்தீன் உறை. மழைக்கு அதுதான் காப்பு. சாக்குக்கு வெளியே தண்ணீர் ஊறினாலும் துணிக்கு வராது.

அந்தப் பை எங்களுக்குக் கொடுத்த உபகாரம் வேறு ஒன்று. எந்த ஊர் டீக்கடையில் நிறுத்தினாலும், "பொன்னி கிலோ என்ன வெலம்மா?" என்று கேட்பார்கள். இரண்டு பெண்கள், நடுத்தர வயதுக்கு மேல், தலையில் ஹெல்மெட், சைக்கிளில் அரிசி விற்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டால் அதற்கு மேல் ஆராய மாட்டார்கள். 'எதுக்கு இந்த வேலை, வீட்ல யாரும் கேக்கலையா' என்ற விசாரணை பாதியாகக் குறைந்தது. வேம்பாரில் ஒரு கருப்பட்டி வியாபாரி பொன்னிக்கும் ஆந்திரா பொன்னிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி என்னோடு அரை மணி நேரம் சண்டை போட்டார். அவர் பொன்னி என்று சொன்னது பிபிடி 5204 என்கிற ரகம். அதைத்தான் ஆந்திரா பொன்னி என்று சொல்கிறோம். வெள்ளைப் பொன்னி அது இல்லை. கடைசியில் ஒப்புக்கொண்டு இரண்டு கருப்பட்டி வட்டு கொடுத்தார், காசு வாங்கவில்லை.

கேரியர் விவகாரம் சாயல்குடிக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. ஆன்லைனில் வாங்கிய அலுமினியக் கேரியர், 600 கிராம்தான், அட்டையில் 25 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. கால் ஒட்டியிருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விட்டு, ஒரு வேகத்தடையில் மொத்தமாக உடைந்து பின்சக்கரத்தில் உட்கார்ந்தது. சாலையோர வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கேட் அடித்துக்கொண்டிருந்த பையன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான்.

"இது அலுமினியம்க்கா. நம்ம ராடு ஒட்டாது. ஆர்கான் கேஸ் வெச்சு ஒட்டணும். தூத்துக்குடி போனா செய்வாங்க."

"தூத்துக்குடி வரைக்கும் எப்படிப்பா போறது?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பட்டறைக்குப் பின்னால் போய், துருப்பிடித்த பழைய சைக்கிள் ஒன்றிலிருந்து இரும்புக் கேரியரைக் கழற்றிக்கொண்டு வந்தான். என் சைக்கிளுக்கு அதன் கால் இரண்டு விரக்கடை நீளம். நுனியை வெட்டி, சூடுபண்ணிச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, ஃப்ரேம் ஓட்டைக்கு நேராகச் சாக்பீஸால் புள்ளி வைத்து, துளை போட்டு, போல்ட்டுக்கு இரண்டு நட்டு முடுக்கினான். பை உரசாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு எட்டு எம்.எம். கம்பியை வளைத்து வைத்து ஒட்டினான். எல்லாம் முடிந்ததும் அதன் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தான். 200 ரூபாய் கேட்டான். அந்தக் கேரியர் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அசிங்கமான சாமான். மங்களூர் போய், மலை ஏறி இறங்கி, இன்று வரை அசையவில்லை. நடுவில் கொடுங்கல்லூர் பக்கம் பக்கக் கம்பி விட்டது. அங்கிருந்த பட்டறையில் பத்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எந்தச் சாமானைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, இதை அடுத்த ஊரில் யார் சரிபண்ணுவார் என்பதுதான். என் சைக்கிள் ஃப்ரேம் இரும்பு, டீச்சரக்காவுடையது அலுமினியம், முன்னால் ஷாக்கப்சர் வேறு. மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது, குறை சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் தார் ரோட்டில் பாரம் வைத்து ஓட்டும்போது அந்த ஷாக் மிதிக்கிற மிதியில் பாதியை வாங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடும், அவ்வளவுதான்.

ட்யூப் வால்வு இன்னொன்று. நம்ம ஊர் சைக்கிள் கடைகளில் இரண்டு வகை வால்வுக்குத்தான் காற்றடிப்பார்கள்: பழைய சைக்கிளின் ரப்பர் வால்வு, அப்புறம் மோட்டார் சைக்கிள் வால்வு. ரேஸ் சைக்கிளுக்கு வருகிற ஒல்லி பிரெஸ்டா வால்வைக் கொண்டு போய் நிறுத்தினால் உதட்டைப் பிதுக்குவார்கள். நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிள் வால்வு ட்யூப்தான் போட்டிருந்தோம், பெட்ரோல் பங்க்கில்கூடக் காற்று கிடைத்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் அது பெரிய நிம்மதி. அங்கே ரோட்டோரம் முழுக்க சீமைக்கருவேல முள். புது டயரையும் ஊசி மாதிரி துளைத்துவிடும். தேவிபட்டினத்தில் பஞ்சர் ஒட்டிய பெரியவர், பழைய ட்யூப்பை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் ட்யூப்புக்கும் நடுவே ஒரு சுற்று வைத்துக் கொடுத்தார். கொஞ்சம் கனமாக உருளும். ஆனால் அந்த முள்காட்டை விட்டு வெளியே வரும்வரை பிறகு பஞ்சர் இல்லை.

செயினுக்கு நான் வைத்திருந்தது ஒரு ஸ்டீல் ஸ்கேல். ஒரு கண்ணி அரை அங்குலம், 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஓட ஓட ஆணிகள் தேய்ந்து அது நீளும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் மாற்றிவிட வேண்டும், விட்டால் பின்பல்லையும் தின்றுவிடும். மணப்பாடு, உவரிப் பக்கத்து மணலும் உப்புக்காற்றும் சேர்ந்து என் செயினை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டன. மங்களூரில் மாற்றினேன். தினம் சாயங்காலம் ஸ்கேலும் கையுமாக நான் குனிந்து நிற்பதைப் பார்த்து டீச்சரக்கா, "இதுக்கும் பேரேடு போட்டிருக்கியா?" என்பார். போட்டிருந்தேன்.

கன்னியாகுமரி தபாலாபீசில் ஒரு பார்சல் போட்டோம். கூடாரம், கேஸ் அடுப்பு, ஜெல் சீட் கவர், இரண்டாவது ஜோடி செருப்பு, ஜீன்ஸ், டீச்சரக்காவின் பெரிய கண்ணாடி. கூடாரத்தை ஒரு தடவை விரித்தோம், உள்ளே வேர்த்துக் கொட்டியது. சபரிமலை சீசனில் எந்த ஊரிலும் மண்டபம், சத்திரம், சர்ச் ஹால் என்று ஒரு கூரை கிடைக்கிறது. அன்னதானமும் கிடைக்கிறது. பெண்கள் என்றால் உள்கட்டில் ஒரு பாய் போட்டுக் கொடுக்காத வீடு இல்லை. அடுப்பை எடுத்துப்போனது எனக்கே பிடிக்காத ஏற்பாடு. பயணம் முழுக்க சமைக்கவா கிளம்பினோம்.

மீதம் இருந்ததில் எனக்கு முக்கியமானவை நைட்டியும் ஈரிழைத் துண்டும் விசிலும். நைட்டியைப் பற்றி சைக்கிள்காரர்கள் யாரும் எழுதுவதில்லை, எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பொதுக் குளியலறை, ஆற்றுப் படித்துறை, பூட்டாத அறை, எங்கே என்றாலும் தலைவழியாகப் போட்டுக்கொண்டு உள்ளேயே உடை மாற்றிவிடலாம். ராத்திரிக்கும் அதுவே. துண்டு, ஹேண்டில்பாரில் கட்டினால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தடித்த டர்க்கி டவல் இரண்டு நாளில் நாற ஆரம்பித்துவிடும். சுடிதாருக்குள் பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ், தொடையில் தேங்காயெண்ணெய். விசில் டீச்சரக்காவுடையது, 30 வருஷம் மைதானத்தில் ஊதியது. நாய் துரத்தினால், லாரி ஒட்டி வந்தால், நான் பின்தங்கினால், எல்லாவற்றுக்கும் விசில். பெல் எல்லாம் யாருக்கும் கேட்பதில்லை.

தின்பண்டத்தில் பொருள்விளங்கா உருண்டையை அடிக்க ஒன்றும் இல்லை. கண்டனூரில் எங்கள் தெருவிலிருக்கும் ஆச்சி ஒரு தூக்குவாளி நிறையச் செய்து கொடுத்தார்கள். கல்லாட்டம் இருக்கும், ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டால் ஐந்தாறு கிலோமீட்டர் போகும். மாவுருண்டையும் கொடுத்தார்கள், அது இரண்டாம் நாளே பைக்குள் மாவாகவே போய்விட்டது. அந்த ஆச்சி வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு அறை முழுக்கச் சீர்ச் சாமான்: பித்தளை, எவர்சில்வர், எனாமல், மூன்று தலைமுறைக்கு வந்தது. நான் கிளம்புகிற அன்று பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார்கள். ஏளனமா ஆச்சரியமா என்று இன்றுவரை தெரியவில்லை.

கேரளாவைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தேசிய நெடுஞ்சாலை 66 நெடுக ஆறுவழிச்சாலை வேலை, தூசி. காலையில் கரைக்காற்று தொந்தரவில்லை, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று முகத்தில் அறையும். அதனால் நாலரைக்கு எழுந்து பன்னிரண்டுக்குள் முடித்துக்கொண்டோம். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு ஜங்கார் படகில் சைக்கிளோடு கடந்து, முனம்பம் வழியாகப் போனது மட்டும் இன்னொரு தடவை போகலாம் என்று இருக்கிறது. கிழக்குக் கரையில் வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது. அந்தக் கடனை எல்லாம் பழனியிலிருந்து திண்டுக்கல் வருகையில் வட்டியோடு திருப்பிக் கட்டினோம்.

சம்பாஜேயிலிருந்து மடிகேரி ஏறும்போதுதான் கியர் என்பது எதற்கு என்று விளங்கியது. எங்கள் வீட்டுப் பழைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். மட்டமான ரோட்டுக்கு அது சரி. இந்த சைக்கிளில் முன்னால் சின்னது 28, பின்னால் பெரியது 34. ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால், ஒன்று எண்பது மீட்டர். நடக்கிற வேகம்தான் வரும், ஆனால் நின்று மூச்சு வாங்காமல் வரும். வண்டி வாங்கும்போது எத்தனை கியர் என்று எண்ணுவதில் புண்ணியம் இல்லை. கடைசிப் பல் எத்தனை என்று கேளுங்கள். பின்பல் 34-க்குக் குறைந்து வாங்காதீர்கள். டீச்சரக்கா அந்த ஏற்றத்தில் என்னைவிட நன்றாக ஏறினார். மேலே போய் உட்கார்ந்துகொண்டு விசில் ஊதினார். எனக்கு எரிச்சலாக வந்தது, சொல்லியும்விட்டேன். மைசூர் வரை இருவரும் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொண்டோம்.

திம்பம் 27 கொண்டைஊசி வளைவையும் சைக்கிளில் இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. புலிகள் காப்பகக் காடு அது. ஆசனூர் பக்கம் வனத்துறை ஆள் ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "யானை நிக்கிற எடம்மா, நீங்க அரிசி மூட்டையோட போறீங்க" என்றார். மூட்டைக்குள் அரிசி இல்லை என்பதை அவிழ்த்துக் காட்டினோம். அதற்கும் மசியவில்லை. முட்டைக்கோஸ் ஏற்றி வந்த பிக்கப்பை நிறுத்தி, சைக்கிளை மூட்டைகளின் மேல் கட்டி, எங்களை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்து அனுப்பினார். பண்ணாரி வரை டீச்சரக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

நத்தம் ரோட்டில் எங்களுக்கு எதிரே பழனி பாதயாத்திரைக் கூட்டம். தைப்பூசம் நெருங்கிவிட்டது. காவடி தூக்கியவர்கள், துண்டில் ஒரு மூட்டை மட்டும் தோளில் போட்டவர்கள், செருப்பில்லாமல் வெள்ளைக் கோட்டின் மேலேயே கால் வைத்து நடக்கிறவர்கள். நம்ம பக்கத்து முகம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கண்டனூர்க்காரர் ஒருவர் நின்றுவிட்டார்.

"ஏத்தா, நீ மில்லுக் கணக்குக்காரம்மாதானே? பழனி அங்கிட்டுல்ல இருக்கு, எங்க எதுக்கால போறே?"

"பழனியத் தாண்டித்தாண்ணே வர்றோம். மங்களூரு போயிட்டு."

"மங்களூரா? பொன்னி அங்க என்ன வெல போகுது?"

டீச்சரக்கா சிரித்தார். மடிகேரி ஏற்றத்துக்குப் பிறகு அப்போதுதான் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து பையைத் திரும்ப மில் தராசில் வைத்தேன்: 11.2 கிலோ. உடம்பில் ஆறு கிலோ இறங்கியிருந்தது. அதில் நாலு கிலோ பங்குனிக்குள் திரும்ப வந்துவிட்டது, அதைப் பற்றி மேலும் பேச விருப்பமில்லை. தூக்கமும் அப்படித்தான். மாதவிலக்கு நிற்கிற வயசில் இரண்டு வருஷமாக ராத்திரி ரெண்டு மணிக்கு வேர்த்து எழுந்து உட்காருகிறவள். வழியில் எட்டு மணிக்குப் படுத்தால் விசில் கேட்டால்தான் விழிப்பு. சைக்கிள் அதைக் குணப்படுத்திவிட்டது என்று எழுத ஆசைதான். ஊருக்கு வந்த மூன்றாம் வாரமே பழையபடி ரெண்டு மணி.

ஒன்று மாறியிருக்கிறது. 'யார்கிட்டயும் எதுவும் கேக்காதே' என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. பஸ்ஸில் தாகம் எடுத்தால்கூடப் பக்கத்து ஆளிடம் தண்ணீர் கேட்க மாட்டேன். வழியில் தினம் நாலு வாசலில் நின்று கேட்க வேண்டியிருந்தது: தண்ணீர், நிழல், பாத்ரூம். குறிப்பாகப் பாத்ரூம். கீழக்கரையில் ஒரு வீட்டம்மா கதவைத் திறந்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே, "உள்ள வாங்க, வலது பக்கம்" என்றார்கள். மில்லுக்கு வருகிற லாரி டிரைவர்களுக்கு இத்தனை வருஷமாகச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், முகம் பார்த்ததில்லை. இப்போது ராத்திரி எங்கே நிறுத்திப் படுத்தீர்கள் என்று கேட்கிறேன். அவர்கள் குளிப்பதற்கு போர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒரு மறைப்புக் கட்டச் சொல்லி முதலாளியிடம் இரண்டு தடவை கேட்டு, மூன்றாவது தடவை கட்டிவிட்டார். தகரம் மில்லில் கிடந்ததுதான்.

பெரிய மாற்றம் என்னிடம் நடக்கவில்லை, என் அடுப்படியில் நடந்தது. வீட்டுக்காரர் காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி வந்ததிலிருந்து வெந்நீர் மட்டும் வைப்பார். நான் கிளம்பிய வாரம் ஓட்டலில் சாப்பிட்டாராம். அடுத்த வாரம் மகள் கோயமுத்தூரிலிருந்து வீடியோவில் சொல்லச் சொல்ல ரசம். அப்புறம் அவராகவே. நான் வந்து பார்த்தால் அஞ்சறைப்பெட்டியில் கடுகு இருந்த இடத்தில் சோம்பு, டப்பா ஒவ்வொன்றிலும் கடையில் அடித்த ஸ்டிக்கர்: 'துவரை', 'உளுந்து - உடைத்தது', 'புளி - பழையது'. எண்ணெய்த் தூக்கு ஜன்னலுக்குப் போயிருந்தது. முதல் நாள் எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு மாற்ற ஆரம்பித்தேன். "ஏன், இங்கனதானே கை எட்டுது?" என்றார். அவர் கைக்கு எட்டும்தான். விட்டுவிட்டேன். இப்போது காலை டிபன் நான், ராத்திரி அவர். ரசத்தில் பெருங்காயம் தூக்கலாகத்தான் இருக்கிறது, சொல்லவில்லை.

டீச்சரக்கா வருகிற மார்கழிக்கு ஆந்திரக் கரையோடு விசாகப்பட்டினம் என்கிறார். ஷாக்கைக் கழற்றி இரும்பு ஃபோர்க் மாட்ட மகனிடம் சம்மதம் வாங்கிவிட்டாராம். நான் முதலாளியிடம் இன்னும் பேசவில்லை.

பை தைக்க அளவு கேட்டவர்களுக்கு: உயரம் 40 செ.மீ., அதற்கு மேல் சுருட்ட 20 விட்டுக்கொள்ளுங்கள். அகலம் 32, ஆழம் 16. பின்குதிகால் இடிக்காமல் இருக்க, கீழே முன்பக்க மூலையைச் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள், இதை மறந்தால் மிதிக்க முடியாது. பலகை 4 எம்.எம். பிளைவுட் போதும், ஓரத்துக்கு வார்னிஷ் அடியுங்கள். கொக்கிக்கும் பலகைக்கும் நடுவே வாஷர் போடாமல் போல்ட் முடுக்கினால் சாக்கு அங்கிருந்துதான் கிழியும். டெய்லர் தையல் நூல் நைலான்தானா என்று நின்று பார்த்து வாங்குங்கள். சாக்கு வேண்டுமென்றால் மில்லுக்கு வாருங்கள், இன்னும் மூன்று கட்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிடையாது.